நாலடிப் பெட்டி

மூன்றாவது பெட்டியையும் கடைக்காரர் உறையிலிருந்து உருவி, குடை விரிப்பதுபோல ஓர் அழுத்து அழுத்தினார். கம்பிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து கறுப்புத் துணியை விறைப்பாக இழுத்துப் பிடித்தன. வெள்ளி பூசிய உட்புறம் பளபளத்தது. அதன் வாயில் வெள்ளைத் துணியை ஒட்டி, மேசைமேல் ஏற்கெனவே விரித்திருந்த இரண்டு பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். இரண்டடி, மூன்றடி, நாலடி. நாலடிக்கு மேசை போதவில்லை, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நெட்டை அந்த நாலடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருடைய வலது தோள் வலிக்கத் தொடங்கியது. இத்தனைக்கும் இன்னும் யாரும் அதைத் தூக்கச் சொல்லவில்லை.

சாஃப்ட்பாக்ஸ் என்று உறையில் எழுதியிருந்தது. தொழிலில் இருப்பவர்களுக்கு அது வெறும் பெட்டி. ஃப்ளாஷை அப்படியே மின்னவிட்டால் முகத்தில் எண்ணெய் வழிவதுபோல இருக்கும், மூக்குக்குக் கீழே கரிக்கோடு விழும். பெட்டிக்குள் வைத்து மின்னவிட்டால் வெளிச்சம் துணியில் வடிகட்டி மெத்தென்று இறங்கும். பெட்டி எவ்வளவு பெரிதோ, முகத்துக்கு எவ்வளவு பக்கமோ, அவ்வளவு மெத்து. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தப் பெட்டியை யாராவது ஒருத்தர் ஆள் உயரத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஒருத்தர்தான் நெட்டை.

ஆறடியைத் தாண்டிய உடம்பு. அந்த உயரத்தை வைத்துத்தான் முன்பு பெயின்ட் வேலையில் பிழைத்தார். நீளக் கம்பின் நுனியில் உருளையை மாட்டினால் ஏணியே வேண்டாம், கூரை வரை அடித்துவிடுவார். மனைவியின் தம்பி கேமரா வாங்கித் தொழிலில் இறங்கியபோது, "மாமா, சும்மா சுவத்துக்கு வெள்ளையடிச்சது போதும். வாங்க, மனுசங்களுக்கு அடிக்கலாம்" என்று கூப்பிட்டான். கம்பு அதே பெயின்ட் கம்புதான். உருளை இருந்த இடத்தில் ஃப்ளாஷ் வந்தது. மச்சினன் கேமராவோடு முன்னால் நிற்பான், நெட்டை கம்போடு பக்கவாட்டில் நிற்பார். மண்டபங்களில் அவரைப் பார்த்ததுமே, "விளக்குக் கம்பம் வந்தாச்சு, இனி கரண்டு போனாலும் கவலையில்ல" என்று கேலி பேசுவார்கள். அவரும் சிரிப்பார்.

இப்போது அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. தோளுக்குள் ஏதோ நைந்துபோயிருந்தது. பெயின்ட் அடித்த காலத்துக் கணக்கையும் சேர்த்து அது கேட்கிறது போலும். டாக்டர் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாளைக்குக் கையைத் தலைக்கு மேல தூக்காதீங்க" என்றார். தன் வேலையே கையைத் தலைக்கு மேலே தூக்குவதுதான் என்று நெட்டை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது. மச்சினனிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

காரணம் கடையின் மூலையிலேயே நின்றுகொண்டிருந்தது. மூன்று காலை அகட்டிக்கொண்டு, கறுப்புத் தண்டோடு, வரிசையாக ஸ்டாண்டுகள். கடைக்குள் நுழைந்ததும் நெட்டையின் கண் முதலில் போனது அங்கேதான். பெட்டியை அதன் தலையில் மாட்டித் திருகினால் போதும், நாள் முழுக்க நிற்கும். சாப்பாடு கேட்காது, தோள் வலிக்கிறது என்று சொல்லாது.

"ரெண்டடி எப்படி இருக்கும், நாலடி எப்படி இருக்கும்னு எடுத்துக் காட்டுங்க பாப்போம்" என்றான் மச்சினன். அவன் முகமும் சரியாக இல்லை. கல்யாண ஏற்பாட்டுக் கம்பெனி மேனேஜரம்மா போன வாரம் படங்களைத் திருப்பி அனுப்பியிருந்தாள். பொண்ணு நெற்றியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஒரு ஜோடியை எடுக்க வேண்டும். அது நன்றாக வந்தால் இந்த சீசன் முழுக்க அந்தக் கம்பெனி வேலை, வராவிட்டால் வேறு ஆள். அவள் வார்த்தையை இழுக்கிறவள் இல்லை.

"என் தலையையே எடுங்க சார். இதைவிடப் பளபளப்பா உங்களுக்கு ஒரு முகம் கிடைக்காது" என்று கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்து வழுக்கைத் தலையைக் குனிந்து காட்டினார். மச்சினன் சிரித்துவிட்டு ஃப்ளாஷை மாட்டினான். கடையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் காலில் நிற்கிற பெரிய விசிறி. அது திரும்பித் திரும்பி வீச, பெட்டி ஆடியது. "அதை நிறுத்துங்க, படம் ஆடுது" என்றான் மச்சினன். கடைக்காரர் எழுந்துபோய் நிறுத்தினார்.

காற்றை நிறுத்திவிட்டுத்தான் பெட்டியைச் சோதிக்கிறோம் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை.

இரண்டடியில் கடைக்காரரின் தலை கழுவிய தட்டுபோல மின்னியது. மூன்றடியில் மினுமினுப்பு பாதியாகக் குறைந்தது. நாலடியில் எடுத்த படத்தை மச்சினன் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "மாமா, இங்க பாருங்க. தலைன்னே தெரியல, பூசணிக்காய் மாதிரி அமைதியா இருக்கு."

"இதான் எடுக்கணும் சார்" என்றார் கடைக்காரர். "ஆனா கையில பிடிக்கிறது கஷ்டம். ஒரு ஸ்டாண்டும் சேத்து எடுத்துக்கங்க."

நெட்டை மூலையை மறைத்தாற்போலக் கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

"ஸ்டாண்டு எதுக்கு? எங்க மாமா இருக்காரே" என்றான் மச்சினன். "ஸ்டாண்டு நடக்குமா? பொண்ணு ஓடினா கூட ஓடுமா? அவரு ஓடுவாரு." பிறகு அவர் பக்கம் திரும்பினான். "ஆனா நீங்கதான மாமா தூக்கப்போறீங்க. மூணடியா, நாலடியா? நீங்களே சொல்லுங்க."

மூன்றடியே போதும். அது நெட்டைக்குத் தெரியும். மூன்றடியைக் கொஞ்சம் நெருக்கத்தில் கொண்டுபோனால், படத்தின் ஓரத்தைத் தொடுகிற அளவுக்குக் கொண்டுபோனால், முகத்துக்கு நாலடியின் மெத்து வந்துவிடும். மற்ற போட்டோக்காரர்கள் அப்படிச் சமாளிப்பதை எத்தனை மண்டபத்தில் பார்த்திருக்கிறார். அதைச் சொல்ல வாய் திறந்தார். திறக்கும்போதே போன மாதம் ஒரு மண்டபத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. நடு வேலையில் கம்பை இறக்கித் தரையில் ஊன்றிவிட்டார். "என்ன மாமா, உடம்பு சரியில்லையா?" என்று மச்சினன் கேட்டான். சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். இப்போது சின்னதைக் கேட்டால் அந்தக் கேள்வி மறுபடி வரும். கேள்வி வந்தால் அவன் கண் மூலைக்குப் போகும்.

"நாலடியையே எடு மாப்ளே" என்றார்.

"தாங்குமா? ஒருதடவ தூக்கிப் பாத்துருங்க."

தூக்கினார். பாரத்தை முழுக்க இடது கையில் வாங்கிக்கொண்டு, கம்பின் அடியை இடுப்பில் முட்டுக்கொடுத்து, வலது கையை ஒப்புக்கு மேலே வைத்துக்கொண்டார். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. விசிறி நின்றுபோயிருந்ததால் கடைக்காரருக்கும் கொட்டியது, மச்சினனுக்கும் கொட்டியது. யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

"பஞ்சு மாதிரி இருக்கு" என்றார் நெட்டை.

வீட்டில் மனைவி இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் சலவைக் கடையில் மற்றவர்கள் துணியைத் தேய்க்கிறவள், வீட்டுக்கு வந்ததும் துண்டை நாலாக மடித்து அதன்மேல் இஸ்திரியை ஓட்டி, சூடு ஆறுவதற்குள் அவர் தோளில் போட்டு அமுக்குவாள். தினமும் இதுதான்.

"எந்தப் பொட்டி எடுத்தீங்க?"

"நாலடி."

இஸ்திரி துண்டின் மேலேயே நின்றது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எடுத்தாள். "யாரு எடுக்கச் சொன்னா? அவனா?"

"நான்தான்."

"உங்களுக்கு புத்தி கித்தி மழுங்கிப்போச்சா? சோத்துத் தட்டை எட்டி எடுக்க முடியல, நாலடியாம்."

"சின்னதைக் கேட்டா ஏன்னு கேப்பான்."

"கேட்டா சொல்லுங்க. என் தம்பிதான, கடிச்சா தின்னுருவான்?"

"தம்பிதான். நல்லவன்தான். அதுதான் பயமே" என்றார் நெட்டை. "தோள் வலின்னு தெரிஞ்சா, பாவம் மாமா வேணாம்னு சொல்லிட்டு ஸ்டாண்டை வாங்கிருவான். அப்புறம் நான் எங்க போய் நிக்கிறது? திரும்ப சுவத்துக்கு அடிக்கப் போறதுக்கும் இதே கைதான வேணும்."

அவள் துண்டைத் தோளில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

"நீ வாயைத் திறக்கக் கூடாது" என்றார். "என் மேல ஆணை."

"ஆமா, எல்லாத்துக்கும் ஒரு ஆணை. வலி உங்களுக்கு, வாய்ப்பூட்டு எனக்கு" என்று முணுமுணுத்தாள். ஆனால் அன்று படுப்பதற்கு முன் தடித்த பழைய பேன்ட் துணியை வெட்டி, அவருடைய பெல்ட்டில் மாட்டுகிற மாதிரி ஒரு சின்னப் பை தைத்துக்கொடுத்தாள். கம்பின் அடியை அதற்குள் நிறுத்திக்கொண்டால் பாரம் தோளுக்கு வராது, இடுப்புக்குப் போய்விடும். நெட்டை அதைக் கட்டிக்கொண்டு அறைக்குள் இரண்டு நடை நடந்து பார்த்தார். கம்பு மேலே பல்பில் இடித்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாண்டி ஏரிக்கரையில் இறங்கினார்கள். பெண் தரையைக் கூட்டுகிற மாதிரி நீளமான வெள்ளை கவுன் போட்டிருந்தாள். மாப்பிள்ளைப் பையன் புது ஷூ கடித்ததால் கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தான். மேனேஜரம்மா தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கரையோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து மச்சினன் அடிக்கொருதரம் லென்ஸைத் துடைத்தான்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கம்பின் அடி பைக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. நெட்டை நாலடியைப் பெண்ணின் தலைக்கு மேலே சாய்த்துப் பிடித்தார், வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. மச்சினன் கேமராவின் பின்பக்கத்தை மேனேஜரம்மாவிடம் காட்டினான். அவள் தலையை மெல்ல ஆட்டினாள். அவன் திரும்பி வரும்போது நெட்டையைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வந்தான். பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டார் நெட்டை.

அப்போது ஏரித் தண்ணீரில் சுருக்கம் விழுந்தது. தூரத்தில் விழுந்து கரையை நோக்கி வந்தது. அதை முதலில் பார்த்தவர் அவர்தான். கையில் அத்தனை பெரிய துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள். கடையில் நிறுத்திவைத்த விசிறி ஞாபகத்துக்கு வந்தது.

காற்று பெட்டியின் துணியில் மோதியது. இடுப்பிலிருந்த பை பாரத்தைத் தாங்கியது, காற்றை என்ன செய்யும்? கம்பு நுனி இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் என்று அலைந்தது. ஒரு படத்தில் பெண்ணின் முகம் பளிச்சென்றும் அடுத்த படத்தில் இருட்டாகவும் வந்தது.

"லைட் ஏன் ஆடுது?" என்றாள் மேனேஜரம்மா. அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே இதுதான்.

"மாமா, கொஞ்சம் அசையாம..." என்றான் மச்சினன். குரல் கெஞ்சியது.

"பிடிச்சிருக்கேன், நீ எடு" என்றார் நெட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் வார்த்தை பாதிதான் வெளியே வந்தது. வலது கையை ஒப்புக்கு வைத்திருந்த காலம் முடிந்துவிட்டது. அதையும் கொடுத்தால்தான் பெட்டி நிற்கும். கொடுத்தார். தோளிலிருந்து விரல் நுனி வரை சுரீரென்று ஓடியது.

பெண் கரையோரப் பாறையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளைப் பையன் பின்னால் நின்று அவள் தோளில் கை வைத்திருந்தான். அந்த நேரம் பார்த்துப் பெரிய காற்றாக ஒன்று வந்தது. பெட்டி முழுசாக உப்பி, கம்பை இழுத்துக்கொண்டு நேரே பெண்ணின் தலையை நோக்கிச் சாய்ந்தது. உள்ளே இருக்கிற ஃப்ளாஷ் ஒரு செங்கல் கனம். கையை விட்டால் தோள் தப்பிக்கும், அந்தப் பெண்ணின் மண்டை தப்பிக்காது. இதை யோசித்தாரா என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. வலது கை தானாகத் தலைக்கு மேலே போய்க் கம்பை எட்டிப் பிடித்து இழுத்தது. தோளுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஏதோ கிழிந்தது. பெட்டி அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

மச்சினன் அந்தக் கணத்தில் பட்டனை அழுத்தியிருந்தான். பெண்ணின் கூந்தலும் கவுனும் பறக்க, அவள் பயந்து வாய் திறந்து மேலே பார்க்க, முகம் முழுக்க மெத்தென்ற வெளிச்சம். பயந்தது மாதிரியே இல்லை. வானத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிற மாதிரி இருந்தது.

மேனேஜரம்மா கேமராவைக் கையிலேயே வாங்கிக்கொண்டாள். "இது. இதுதான் எனக்கு வேணும்" என்றாள். "அடுத்த வாரம் ஆபீசுக்கு வாங்க. மத்ததை அங்க பேசிக்கலாம்."

வண்டிக்குப் போகிற வழியில் மச்சினன் ஓடிவந்து நெட்டையைக் கட்டிக்கொண்டான். சரியாக வலது தோளைப் பார்த்துக் கட்டிக்கொண்டான். "நீங்க மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நான் காலி மாமா" என்றான். நெட்டைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "அதுக்குத்தான நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவரால் சட்டைக் கைக்குள் கையை விட முடியவில்லை. மனைவி போட்டுவிட்டு, பட்டன்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வேலைக்குக் கிளம்பினாள். சலவைக் கடைக்குப் போகிற வழியில் தம்பி வீடு இல்லை. இருந்தும் அந்த வழியாகத்தான் போனாள்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். கையில் நீளமாக ஒரு பொட்டலம். அதைப் பார்த்ததுமே நெட்டைக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா எல்லாத்தையும் சொல்லிருச்சு மாமா. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன வேத்து ஆளா?" அவன் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "இனிமே நீங்க ஒண்ணையும் தூக்க வேணாம். வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க." பொட்டலத்தைப் பிரித்து, ஸ்டாண்டை நடு அறையில் விரித்துக் காட்டினான். தண்டை இழுக்க இழுக்க மேலே போய் பல்பைத் தொட்டது. "பாருங்களேன், உங்களையும் தூக்கிச் சாப்பிட்ருச்சு" என்று சிரித்தான். அவன் கள்ளம் இல்லாமல்தான் சிரித்தான்.

மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "ஏன்டா, பெரிய பொட்டி வேணாம்னுதான் நான் சொன்னேன். ஆளே வேணாம்னா சொன்னேன்?"

"யாருக்கா ஆள் வேணாம்னு சொன்னது? ரெஸ்ட் எடுக்கட்டும்னுதான சொல்றேன்."

"அவரு ரெஸ்ட் எடுத்தா அடுப்பும் ரெஸ்ட் எடுக்கும். தெரியுமில்ல?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் புருஷனைப் பார்த்தாள். சொல்லாதே என்று ஆணையிட்ட முகம் அது. அவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். அவரோ கோபத்தை எல்லாம் விட்டுவிட்டு ஸ்டாண்டின் கால்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, மண்டபத்துல இது நிக்கும். ஏரிக்கரைக் காத்துல நிக்காது" என்றார். "நீயே பாத்தல்ல. பொட்டியோட சேந்து பறக்கும். யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருந்து பிடிச்சுக்கணும்." ஸ்டாண்டின் ஒரு காலைத் தொட்டுக் காட்டினார். "அதுக்குத் தோள் வேணாம். உக்காந்தே பிடிச்சுக்குவேன்."

மச்சினன் தண்டை இறக்கி மடக்கினான். "வாங்க மாமா" என்றான். பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஆனா பழைய மாதிரி முழுசாக் குடுக்க முடியாது, பாதிதான். இதெல்லாம் வாங்கினதுல கையைக் கடிக்குது" என்றான்.

அப்படித்தான் நெட்டை புது வேலையில் சேர்ந்தார். ஏரிக்கரையிலோ மொட்டை மாடியிலோ, எங்கே காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் காலின்மேல் போய் உட்கார்ந்துகொள்வார். இடது கையால் தண்டைக் கட்டிக்கொள்வார். வெளிச்சத்தை எங்கே சாய்க்க வேண்டும், எப்போது நெருங்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது அவர் பாடு இல்லை. கனமாக இருந்தால் போதும். ஒரு மாப்பிள்ளைப் பையன் மரியாதை தெரிந்தவன், "அண்ணே, ஏன் கீழ உக்காந்திருக்கீங்க? சேர் போடச் சொல்லவா?" என்றான்.

"வேணாம் தம்பி, இதுதான் நமக்கு ரிசர்வ் பண்ண சீட்டு" என்றார் நெட்டை. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை, கேமராவை முகத்துக்குக் கொண்டுபோனான்.

பிரச்சினை அவர் உயரத்திலிருந்தே வந்தது. உட்கார்ந்தாலும் கால் அடங்கவில்லை. மடக்கினால் முழங்கால் மேலே எழும்பியது, நீட்டினால் பாதம் படத்துக்குள் போனது. எவ்வளவு ஒடுங்கி உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு மூலையில் பேன்ட் துணி தெரிந்தது. மேனேஜரம்மா ஆபீசுக்குக் கூப்பிட்டு மச்சினனிடம் சொன்னாளாம்: "படமெல்லாம் பிரமாதம். ஆனா எல்லாத்துலயும் ஒரு முழங்கால் வருது. அதை அழிக்கிறதுக்கே தனியா ஒரு ஆள் வெக்கணும் போல."

அதை மச்சினன் அவரிடம் சிரிப்பாகத்தான் சொன்னான். நெட்டை அன்றிலிருந்து குளிருக்கு ஒடுங்குகிறவரைப்போலக் காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வேலை முடிந்து எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆனது. எந்தப் படத்தில் முழங்கால் வந்துவிட்டதோ என்று, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனை.

அடுத்த முறை ஏரிக்கரைக்குப் போனபோது, மச்சினன் வண்டியிலிருந்து இறங்கியதும் ஸ்டாண்டை எடுக்கவில்லை. ஒரு காகிதப் பையிலிருந்து கறுப்பாக மூன்று பைகளை எடுத்து அவரிடம் நீட்டினான். கழுதை முதுகில் போடுகிற பொதிபோல இரண்டு பக்கமும் பை, நடுவில் பட்டை, வாயில் ஜிப்பு. தொளதொளவென்று இருந்தன.

"காலியாத்தான் விக்கிறாங்க மாமா" என்றான். அவர் முகத்தைப் பார்க்காமல், கேமரா வாரின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பேசினான். "மணல் நாமதான் ரொப்பிக்கணும். இன்னிக்கு மட்டும் ரொப்பிக் குடுத்துருங்க. அதுக்கப்புறம் அது பாட்டுக்கு வண்டியிலயே கிடக்கும்."

நெட்டை பைகளை வாங்கிக்கொண்டார். "எவ்வளவு ரொப்பணும்?"

"சாயாத அளவுக்கு."

கரையில் ஈரம் படாத மணலாகப் பார்த்து உட்கார்ந்தார். இடது கையால் அள்ளி அள்ளிப் போட்டார். வலது கை பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டது, அது வரைக்கும் அதற்கு முடிந்தது. முதல் பையும் இரண்டாவது பையும் நிறைந்தன. மூன்றாவது பை பாதி நிறைந்தபோது கை நின்றது.

இது பாதியோடு இருந்தால் காற்று வரும்போது ஸ்டாண்டு ஆடும். ஆடினால் மச்சினன் கூப்பிடுவான். மாமா, கொஞ்சம் வந்து பிடிங்க என்று கூப்பிடுவான். மணல் பை போதவில்லை, ஆள்தான் வேண்டும் என்றாகிவிடும். யாரும் பையைத் திறந்து பார்க்கப்போவதில்லை. நெட்டை ஜிப்பை இழுத்து மூடினார். சுற்றிப் பார்த்தார், யாரும் பார்க்கவில்லை.

தூரத்தில் இன்றைய பெண் வந்து அதே பாறையில் உட்கார்ந்தாள். சின்னப் பெண், கால் தரைக்கு எட்டவில்லை. மேனேஜரம்மா அவள் கவுனைச் சரிசெய்துவிட்டாள். அவள் தலைக்கு மேலேதான் நாலடி வந்து நிற்கும். தண்டின் நுனியில் செங்கல் கனம்.

நெட்டை ஜிப்பைத் திறந்தார். மணலை அள்ளிப் போட்டார். நிறைந்த பிறகும் மேலே இரண்டு கை போட்டு, தட்டி இறக்கி, மறுபடி போட்டார். ஜிப்பு மூட மறுத்தது. முழங்காலால் அழுத்தி மூடினார்.

பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் ஸ்டாண்டின் மூன்று கால்களிலும் போட்டார். மச்சினன் நாலடியை மேலே மாட்டித் திருகினான். நெட்டை தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை பலமாக ஆட்டினார். அசையவில்லை. ஏரியில் சுருக்கம் விழுந்து கரைக்கு வந்தது, பெட்டியின் துணி உப்பியது, கம்பிகள் முனகின. மூன்று கால்களும் இருந்த இடத்தில் இருந்தன.

"சூப்பர் மாமா" என்றான் மச்சினன். "நீங்க இனி அப்படி ஓரமா நில்லுங்க."

மேற்கே வெயில் இறங்கியிருந்தது. நெட்டை அந்தப் பக்கமாகப் போய் நின்றார். கையில் ஒன்றுமில்லாமல் நின்று பழக்கமில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டினார், பிறகு முன்னால் கட்டினார். மச்சினன் கேமராவைக் கண்ணில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"மாமா, உங்க நிழல் பொண்ணு மேல விழுது. கொஞ்சம் பின்னால போங்க."

நெட்டை பின்னால் போனார்.

"இன்னும் கொஞ்சம்."

போனார். நிழல் அவரைவிட நீளமாக மணலில் கிடந்தது, தலை இன்னும் பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடம் வரைக்கும் போனார். அதையும் தாண்டினார். முதுகில் முள்வேலி குத்தியது, அதற்கு மேலே போக வழியில்லை.

"இன்னும் விழுது மாமா."

நெட்டை தன் நிழலைப் பார்த்தார். அது எங்கே முடிகிறது என்று பார்த்தார். பிறகு காலை மடக்கி, வேலியோரம் தரையில் உட்கார்ந்துகொண்டார். தலையையும் குனிந்துகொண்டார்.

"ஆங், சரியாப் போச்சு" என்றான் மச்சினன். "அப்படியே இருங்க."